பத்தரை மணிக்கு முன் மாட்டிய கதவுகள்

லுக்குட்,
ஞாயிறு காலை

அன்பு நண்பன் ஷங்கருக்கு,

இங்கு எல்லாரும் நலம். மீரியில் நீயும் நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறான் என்று நினைப்பாய். நேற்றும் பேசினோம். மழை, என் மகள் ரதியின் பரீட்சை, செண்டாயானில் எனக்குக் கிடைத்த புது வேலை எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் முழுங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டது உனக்குத் தெரியும். உடனே அணைத்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாரும் வெளியே ஓடி வந்தபோது உன் அம்மா மட்டும் வரவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். அங்கே வேலை செய்யும் மாதவி போய்க் கூப்பிட்டதற்கு, "ஹேமநாதன் போட்ட நெருப்புக் கதவுலா இது. ஒரு மணி நேரம் தாங்கும்னு சொல்லியிருக்கான். நான் ஏன் ஓடணும்" என்றாராம். மாதவி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கதவில் குறை இல்லை, ஷங்கர். பூ வேலை செய்த சாதாரணப் பலகைக் கதவே போதும் என்றுதான் இல்லத்துக் கமிட்டியில் சொன்னார்கள். வயதானவர்கள் சட்டென்று எழுந்து ஓட முடியாது, தீயைத் தாங்கும் கதவுதான் வேண்டும் என்று தலைவர் சந்திரன் அண்ணனோடு மல்லுக்கு நின்றவன் நான். நீலாயில் உள்ள கதவுக் கடைக்குப் போய், விளிம்பில் சான்று முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும், அவ்வளவு கனம்.

பிறகு திறப்பு விழா வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும், கதவில்லாத அறை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் அடைக்க வேண்டிய, தீயைத் தாங்கும் பஞ்சு வந்து சேரவில்லை. என் லாரியில் சாதாரண மஞ்சள் ஃபோம் இருந்தது. ஆறு கதவுக்கும் அதையே அடித்து, மேலே மரச்சட்டம் வைத்து மறைத்தேன். அடுத்த வாரம் வந்து மாற்றிவிடலாம் என்றிருந்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது.

அதற்கு நடுவில்தான் அம்மாவை எங்கே சேர்க்கலாம் என்று நீ கேட்டாய். நான் கதவு போட்ட இடம், கண்ணை மூடிக்கொண்டு சேர் என்றேன். புதன்கிழமை மிச்ச ஃபோம் துண்டில் லைட்டரைக் காட்டிப் பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் எரிந்து கருகிப்போனது. கதவு தாங்கினாலும் அந்த இடுக்கு வழியாகத் தீயும் புகையும் உள்ளே வந்துவிடும்.

அன்று மாலையே சந்திரன் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் அவரே விஷயத்தைச் சொல்லிவிட்டு, "முத்தாயி அக்காகிட்ட மட்டும் நீயே போய்ச் சொல்லு" என்று உன் அம்மாவை என்னிடமே விட்டுவிட்டார். பஞ்சு வர இன்னும் பத்து நாள் ஆகும். வந்ததும் முதலில் அம்மா அறைதான்.

வெள்ளிக்கிழமை சொல்லத்தான் போனேன். அம்மா கதவு நிலைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார், நான் மறைத்த அந்தச் சட்டத்தின் மேலேயே. வாரா வாரம் வைக்கிறாராம். என்னைப் பார்த்ததும் நீ நல்லா இருக்கணும் என்று என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். டீ குடித்துவிட்டுச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பிறகு திட்டு. முதலில் அம்மாவுக்குப் போன் போடு. புகை வாசம் வந்தால் உள்ளே உட்கார வேண்டாம், எல்லாரோடும் வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல். காரணம் கேட்பார். ஹேமநாதனை நம்பாதே அம்மா என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.

அம்மா நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
ஹேமநாதன்