நாலு பேர் பங்கு போட்ட மாத்திரை

அன்புள்ள அப்பா,

இந்த நடு ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் உங்களை நினைத்தால் அழுகை வருகிறது. இந்நேரத்தில் கோபம்தான் வருகிறது.

காலேஜ் படிக்கும்போது, துபாயில் இருந்த உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி அனுப்பியது நான். லீவு முடிந்து துபாய் திரும்பும் யாராவது ஒருவர் பெட்டியில், ஆறு மாதத்துக்கு. காலைக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், ராத்திரிக்குப் பச்சை. போனில் கேட்டால், "டயத்துக்குப் போடுறேன்டா, சுகரு கன்ட்ரோல்ல இருக்கு" என்பீர்கள். நான் நம்பினேன். அம்மாவையும் நம்ப வைத்தேன்.

கால் விரலில் தொடங்கிய புண் ஏறி ஏறி, கடைசியில் உங்களைச் சவப்பெட்டியில் ஊருக்கு அனுப்பி வைத்தது. பதினாறாம் நாள் உங்கள் ரூமில் இருந்த செல்வராஜ் மாமா வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கப்பா மாதிரி மனுசன் கிடையாதும்மா. சுகருன்னு தெரிஞ்சா கம்பெனி ஊருக்கு அனுப்பிடுமோன்னு நாங்க மூணு பேரு டாக்டர்கிட்டயே போகல. அவரு மாத்திரையத்தான் நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம், மெஸ் சோறு மாதிரி."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகத் தலையாட்டினாள். என் கையில் பலகாரத் தட்டு. அதை அவர் முன்னால் வைத்தேனா, போட்டேனா, நினைவில்லை.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, அப்பா? நல்ல மனிதர் என்ற பெயர் உங்களுக்கு. எங்களுக்கு என்ன வைத்தீர்கள்?

இங்கே துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில், உங்கள் மாப்பிள்ளை இளங்கோவுக்கும் சர்க்கரை. வயது முப்பத்தைந்துதான். போன மாதம் கணக்குக்குப் பத்து நாள் முன்பே மாத்திரை தீர்ந்துபோனது. கேட்டேன்.

"முருகேசன் அண்ணனுக்குக் கொஞ்சம் குடுத்தேன். பாவம், புள்ளகுட்டிக்காரன்."

"நீங்க என்ன, கட்ட பிரம்மச்சாரியா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகேசன் அண்ணன் தினமும் இவர் காரில்தான் துபாய்க்கு டூட்டிக்குப் போகிறவர். அன்றிலிருந்து மாத்திரை என் பொறுப்பில். இவர் விழுங்கும்வரை எதிரில் நிற்கிறேன். "போலீஸ் வந்துட்டா பாரு" என்று பாப்பாவிடம் சொல்கிறார்.

இன்று சாயங்காலம் அந்த அண்ணனே கதவைத் தட்டினார். "தங்கச்சி, ரெண்டே ரெண்டு அட்டை. ஊர்லேர்ந்து ஆளு வந்ததும் திருப்பிடுறேன்."

"மாஃபி அண்ணே, கிடையாது. டாக்டர்கிட்ட போங்க, இவரையும் கூட அனுப்புறேன்."

"ஆபீசுக்குத் தெரிஞ்சிரும்மா. ஊர்ல என் சம்சாரத்துக்கே நான் சொல்லல." வாசல் பக்கம் திரும்பினார். "சரி, பரவால்ல தங்கச்சி."

குனிந்து செருப்பை மாட்டும்போது பார்த்தேன். வலது கால் பெருவிரலில் பிளாஸ்திரி.

நீங்களாக இருந்தால் கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் நான் கொடுக்கவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லையே, ஏன்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா. இந்த வீட்டு மாத்திரை இனி யாருக்கும் பங்கு போகாது. ஆனால் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன், உங்கள் ரூம்காரர்களைப் போல. அண்ணன் மனைவியின் நம்பரை இவர் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அண்ணன் திட்டுவார், இவரும் திட்டுவார். திட்டட்டும். இப்போது அனுப்பியதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்:

"அக்கா, அஜ்மான்லேர்ந்து இளங்கோ சம்சாரம் கவிதா எழுதுறேன். அண்ணனுக்கு சுகர் இருக்கு. உங்ககிட்ட மறைச்சிருக்காரு. கால் விரல்ல புண்ணும் இருக்கும்போல. வீடியோ கால் போட்டு, காலைக் காட்டச் சொல்லுங்க. பார்த்துட்டு எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்க."

உங்கள் மூத்த மகள்,
கவிதா