கையைத் தூக்க விடும் பட்டை

ஏலே தாணு, உன்னை எழுப்பாமல் போகிறேன். "நீ என்ன எனக்க அம்மையா?" என்று நேற்று ராத்திரி கேட்டாயே, அதற்குப் பிறகு உன்னிடம் முகம் கொடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கஞ்சியும் தேங்காய்த் துவையலும் உன் இடது கைக்கு எட்டும்படி அடுப்படி மேடையில் இருக்கின்றன.

எழுந்ததும் உன் கூட்டாளி அருமைநாயகம் வாங்கித் தந்த தோல் பட்டையைக் கழற்றிப் போடு. அதைக் கட்டினால் கையைத் தூக்கலாம், பூப்பந்து ஆடலாம் என்று துள்ளுகிறாய். "தோளை அசைய விடாத பட்டைதான் முறிஞ்ச காறையெலும்புக்கு ஆகும்" என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அவர் தந்த துணிப்பட்டை கொடியில் காய்கிறது. பக்கத்து வீட்டு முத்துக்கனி அண்ணனைக் கூப்பிட்டால், முதுகில் எட்டுப் போலக் குறுக்காகக் கட்டிவிடுவார்.

கோட்டாறு மேட்சுக்கு உன்னைக் கூட்டிப்போக அருமைநாயகம் சாயங்காலம் காரோடு வருவான். நான் வராமல் அவனுக்குக் கதவைத் திறக்காதே.

வடிவு அக்கா

உன் பூப்பந்துப் பேட்டைத் தேடாதே. அது என்னோடு பஸ்ஸில் வருகிறது.

இன்னொன்று. நான் போவது ஆஸ்பத்திரிக்கு, டாக்டரைக் கையோடு கூட்டி வர. நேற்று டம்ளர் உன் வலது கையிலிருந்து நழுவியதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தியில் நீ அருமைநாயகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து அந்தக் கையின் சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளினேன். ரத்தம் துளிர்த்தது. நீ சிரித்துக்கொண்டேதான் இருந்தாய், மக்கா.