சாப்பாட்டு டாக்டரம்மா கேட்ட கேள்வி

ஞானசெல்வி,

ஏலக்காய் விலை பார்க்கப் போடிச் சந்தைக்குப் போகிறேன். பீரோ சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

நான்கு மணிக்கு உன் சாப்பாட்டு டாக்டரம்மா வருவார். எனக்கு அவர்மேல் இன்னும் சந்தேகம்தான். ஃபீஸ் வாங்கவில்லை, சத்துமாவு டப்பாவும் விற்கவில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசும் வியாபாரிக் கூட்டத்தில் வளர்ந்தவன் நான், எப்படி நம்புவேன்? மாதவிலக்கு தள்ளிப்போவது உனக்கு. அவரோ என் தங்கையையும், விலக்கு நின்றுபோன அம்மாவையும் சேர்த்தே தன்னிடம் பேச உட்காரச் சொல்கிறார். போன வாரம் அவரிடம் உன்னைக் கூட்டிப் போனபோது, "மொத்த வியாபாரமா?" என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுப் பொம்பளையாளுக என்ன சாப்பிடுறாக?" என்று திருப்பிக் கேட்டார்.

"மீனு, முட்டைன்னு எல்லாந்தான்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். என்னைப் பொய்யனாக்கிவிட்டாய், மானம் போச்சென்று வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன்.

இன்று நானும் தம்பியும் மீன் குழம்பு சாப்பிட்டு எழுந்தபின், நீங்கள் மூவரும் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சட்டியைத் திறந்தேன். மீனே இல்லை. வெறும் புளிக்குழம்பு. மூன்று பேருக்கும் அதுதானா?

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். மூவரும் சாப்பிடுங்கள். டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்.

சுந்தர்ராஜ்

பி.கு.: கத்தியது தப்பு.

இன்னொன்று: இனி எல்லோரும் ஒன்றாகவே உட்காருவோம். "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று நீ சொன்னால் நம்பமாட்டேன்.