டிலக்சி செய்து முடித்த முக்கோணக் கணக்கு

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து வருடம். உன் மகள் டிலக்சிக்குப் பதினான்கு வயது. போன செவ்வாய்க்கிழமை, வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் புறங்கையில், வட்டம் கீறுகிற கவராயத்தால் குத்திவிட்டாள். அதன் கூர்முனை எலும்பு வரை இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

கணக்குப் பாடத்தில் நடந்தது. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்கள் எக்ஸ், இரண்டு எக்ஸ், எக்ஸ் கூட்டல் இருபது. எக்ஸைக் காணவேண்டும். டிலக்சி கொப்பியில் பாதி செய்திருந்தபோது அந்தப் பிள்ளை மெல்லச் சொல்லியிருக்கிறாள்: "உன்ர அப்பா உன்ர அம்மாவை அடிச்சே சாக்காட்டினவராம்."

நீ கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் அவளுக்கு நான் சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளை அறைந்தேன், அக்கா. ஒன்றல்ல, இரண்டு. உதடு வெடித்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவள் முகத்தை மறைக்கவில்லை.

"அப்பாவும் இப்பிடித்தான் தொடங்கினவரோ, சித்தி?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. உன் கழுத்தில் அத்தானின் விரல் தடத்தை முதலில் கண்ட அன்றே உன்னை ஏன் நான் கூட்டிக்கொண்டு வரவில்லை?

எல்லாம் சொன்னேன். அத்தான் துடுப்பை எடுத்ததை. நீ கதவடியில் விழுந்ததை. விழுந்த பிறகும் அவர் அடித்ததை.

"நான் எங்க இருந்தனான்?"

"கட்டிலுக்குக் கீழ."

"அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு. கனவெண்டு நினைச்சனான்."

உதட்டைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். "மூண்டையும் கூட்டினா நூற்றியெண்பது. அப்ப நாலு எக்ஸ் சமன் நூற்றியறுபது." எக்ஸ் நாற்பது என்று எழுதினாள். நாற்பது, எண்பது, அறுபது. மறுபடி கூட்டிச் சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இருவரும் போனோம். தாய் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. டிலக்சி வாசலில் நின்றபடியே கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சொன்னாள்: "குத்தினது பிழை. என்னை மன்னிச்சுக்கொள். நீ சொன்னது பொய்யில்லை."

உன்னிடம் வாக்குத் தருகிறேன். இனி அவள் மேல் என் கை படாது. அவள் எதைக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன்.

உன்னைக் காப்பாற்றாமல் விட்ட,
உன் தங்கச்சி,
பள்ளிமுனை.