அக்காவிடம் சொல்லாதே

மார்ச் 4, செவ்வாய்

கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் தன் கண்ணாடியை வாங்க வந்தவள், "உங்க தங்கச்சிக்கு ரிசல்ட் வந்துடுச்சா?" என்றாள்.

என்ன ரிசல்ட்? மார்பில் கட்டியாம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் சோறு தின்கிற எனக்குத் தெரியாது. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்

கேட்டுவிட்டேன். தங்கை பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "சொன்னா நீ திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிடுவியோன்னு பயம்க்கா."

அவள் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். "இப்படியே பண்ணுங்க, என்னை மறுபடி குடிக்க வைங்க" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். குடியை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. இந்தக் கோபம் மட்டும் என்னை விட்டபாடில்லை.

மார்ச் 6, வியாழன்

குடிக்கவில்லை. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் குழுவில் சொன்னேன். எல்லாரும் பாவம் என்பார்கள் என்று நினைத்தேன். என்னோடு சேர்ந்து குடியை விட்டவள், பஸ் கண்டக்டர், முகத்துக்கு நேரே கேட்டாள்: "பாட்டிலைக் கீழ வெச்சுட்ட, சரி. அதைக் காட்டி மிரட்டறதை எப்பக் கீழ வெக்கப் போற?"

சுருக்கென்றது. வழியெல்லாம் அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வீடு வருவதற்குள் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. உண்மைதானே? டிவி சத்தத்துக்குக்கூட அந்த மிரட்டலைத்தான் எடுத்திருக்கிறேன். பாவம், பயந்து பயந்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

இனி அந்த வார்த்தை என் வாயில் வராது. வந்தால் கடித்து விழுங்குவேன்.

மார்ச் 14, வெள்ளி

முதல் பரிசோதனையில் தெளிவாகத் தெரியவில்லையாம். மறுபடி எடுக்கிறார்கள். "நானும் வரட்டா?" என்றேன். "வேணாம்க்கா, அவர் வர்றார்."

வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"சரி. எனக்குப் பயமா இருக்குடி" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "எனக்குந்தான்" என்றாள். இந்தத் தடவை கதவு எதுவும் அறைபடவில்லை.

மார்ச் 19, புதன்

இன்று குடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு லென்ஸின் ஓரத்தை உடைத்தேன். முதலாளி முறைத்தார். பின்கட்டுக்குப் போய்க் கண்டக்டருக்கு போன் போட்டேன்.

"டூட்டில இருக்கேன். வெக்காத, பேசு" என்றாள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவள் பயணிகளை விரட்டுவதற்கு நடுவில் அழுது முடித்தேன். மூக்கைச் சிந்திவிட்டுப் போய் வேறொரு லென்ஸை எடுத்துத் தேய்த்தேன். சரியாகப் பொருந்தியது.

மார்ச் 25, செவ்வாய்

மதியம் தங்கையின் போன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து.

"அதுதான்க்கா. கேன்சர்தான்."

மெஷினை அணைத்தேன். "அவர் பக்கத்துல இருக்காரா?"

"மருந்து வாங்கப் போயிருக்கார். அவருக்கு இன்னும் சொல்லல. உனக்குத்தான் மொதல்ல."

எந்த மாடி என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.