அரக்கியைப் படுக்க வைத்த விஜயதசமி

அருமைத் தம்பி தினகரா, விரல் நுனிகளெல்லாம் புண்ணாகியிருக்கும் நிலையில் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ பாதியில் விட்டுச் சென்ற விளையாட்டை நான் முடித்துவிட்டேன். மயிலாப்பூர் மாட வீதியையே வீடியோ கேமாக மாற்றி, பில்டிங் பிளாக்ஸ் கட்டைகளால் நீ எழுப்பிய காட்சி அது. மெட்ரோ தடுப்புகளையும் தண்ணீர் லாரியையும் தாண்டித் தாண்டி ஓடும் உன் குட்டி வீரன். அவன் தலைக்கு மேலே, அவனுடைய உயிர்களாக மூன்று சிவப்பு இதயங்கள். சென்ற ஆண்டு நம் அடுக்ககத்தின் பொதுக் கொலுவில் அதை வைத்தாய். நீ அலுவலகம் சென்றிருந்த வேளையில், செயலாளர் வைதேகி மாமி அதை வாகன நிறுத்தத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னாள்.

"நாப்பது வயசாறது, இன்னும் சொப்பு வெச்சு விளையாடிண்டிருக்கான். அம்பாளுக்கு முன்னாடி இந்தக் கண்றாவி எதுக்கு?"

எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். மாலைக்குள் யாருடைய ஸ்கூட்டரோ அதன்மேல் ஏறியிருந்தது. நீ சண்டை போடவில்லை. துண்டுகளை முறத்தில் வாரிக்கொண்டு வந்து, "அடுத்த வருஷம் பாஸ் லெவலோட வெக்கிறேன்க்கா" என்றாய். கடைசிக் கட்டத்தில் வழிமறிக்கும் பெரிய எதிரிதான் பாஸ் என்று எனக்கு விளக்கவும் செய்தாய். பங்குனியில் உன் இதயம் நின்றது. ஒரே ஓர் உயிரையாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. செந்தமிழை நானே கற்றேன். இதையும் நானே கற்றேன். ஊறுகாய் ஜாடிகளில் நீ வடிவம் வடிவமாகப் பிரித்து வைத்திருந்த கட்டைகளை, அலங்கோலம் என்று எண்ணி, நிறம் நிறமாக மாற்றி அடுக்கினேன். கறுப்புக் குவியலுக்குள் ஒரு கறுப்புத் துண்டைத் தேடித் தேடிக் கண் பூத்த பிறகுதான் உன் முறையின் அருமை புரிந்தது. நேர் மேலாக அடுக்கிய சுவர் பிளந்து விழுந்தது. இணைப்பின் மேல் இணைப்பு வரலாகாது என்று தெரிந்துகொண்டேன். இறுகிய கட்டைகளைப் பல்லால் கடித்துப் பிரித்ததில் முன்பல் ஒன்று சற்றே உடைந்தது. அதற்கும் மாமிதான் பொறுப்பு.

நீ சொன்ன பாஸாக நிறுத்த வேண்டிய அரக்கியைத்தான் ஆற அமரக் கட்டினேன். நெற்றிக்கு ஏற்றிய மூக்குக்கண்ணாடி. கிளிப்பச்சைப் புடவை. இடுப்பில், அடுக்ககத்தின் சாவிகள் அத்தனையும் தொங்கும் கொத்து.

"தினா ஞாபகார்த்தமா தாராளமா வெச்சுக்கோங்கோ" என்று மாமியே பெருந்தன்மை காட்டியதால் இந்த ஆண்டுக் கொலுவில் இடம் கிடைத்தது. முதல் நாள் மாலை, விருந்தினர் புடைசூழ வந்து நின்றாள். மாடிப்படி பெருக்கும் செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யக்கா, இன்னாக்கா இது! அப்டியே நம்ம செக்ரட்டரி மாமி மாரியே கீது! தோ பாரு, சாவிக்கொத்து!"

கூடம் குலுங்கியது. மாமியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"இது யாரு, மீனாட்சி?"

"இறுதிக் கட்டத்து அரக்கி. யாரென்று தாங்கள் கருதுகிறீர்கள்?" என்றேன், வேண்டுமென்றே செந்தமிழில்.

பெயரைச் சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். முந்தானையால் சாவிக்கொத்தை மூடியபடி, "சுண்டல் ஆறிடறது, வாங்கோ" என்று நகர்ந்தாள். அன்றிலிருந்து சாவிகள் கைப்பைக்குள்தான் இருக்கின்றன. தினா, நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, மாமி பாவம்க்கா என்று அவளுக்காகப் பரிந்திருப்பாயா?

நேற்று விஜயதசமி. கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள் அல்லவா? ஆண்டுதோறும் மரப்பாச்சியை மாமிதான் படுக்க வைப்பாள். நேற்று அவள் கை நீட்டுமுன் நான் முந்திக்கொண்டேன். உன் வீரனை அரக்கியின் எதிரே நகர்த்தி நிறுத்தினேன். பிறகு ஒற்றை விரலால் அவளைத் தள்ளினேன்.

மல்லாந்து விழுந்தாள். சாவிக்கொத்து கழன்று, மாமியின் காலடியில் போய்க் கிடந்தது. ஒருவரும் குனியவில்லை. நானும் குனியவில்லை. மாமியே குனிந்தாள், எடுத்தாள், என் உள்ளங்கையில் வைத்தாள். நான் நன்றி சொல்லவில்லை.

மன்னிப்பதே மேன்மை என்று இதைப் படிக்கும் எவரும் எனக்கு எடுத்துரைக்க வேண்டாம். கட்டைகளை உன் முறைப்படி ஜாடிகளில் போட்டுவிட்டேன். அரக்கியை மட்டும் பிரிக்கவில்லை. நான் உள்ளளவும் ஒவ்வொரு கொலுவிலும் அவள் எழுந்து நிற்பாள். ஒவ்வொரு விஜயதசமியிலும் உன் வீரனிடம் தோற்பாள். இது உறுதி.

மூன்று இதயங்களையும் சிவப்பாகவே காத்துவரும்
உன் அக்கா
மீனாட்சி