பைக்கால் வரை போகாதவன்

ஆகஸ்ட் 27

இன்றும் கடைக்கு வந்தவர்கள் ரொட்டியைப் பார்க்கவில்லை, பெர்சிதா சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைத்தான் பார்த்தார்கள். "ஸ்லாவ்கா, உன் வீட்டுக்காரன் இப்ப எங்க இருக்கான்?" கடை அவளுடையது, நான் வேலைக்கு நிற்பவள், வரைபடத்தில் அவன் இருக்கும் இடத்தில் ஊசி குத்துவதும் என் வேலையாகிவிட்டது. கஜகஸ்தானில் குத்திய ஊசி பல நாளாக அங்கேயே நிற்கிறது. என் வீட்டுக்காரன் வெலிமிர் போனில் சரியாகப் பேசுவதில்லை.

கோடை தொடங்கியபோது ஊரே கூடி வழியனுப்பியது. செர்பியாவிலிருந்து ரஷ்யாவின் பைக்கால் ஏரி வரை மோட்டார் சைக்கிளில் போய்வரப்போகும் முதல் நெகோத்தின் ஊர்க்காரன். அதுவும் இந்த அறுபது வயதில்!

ஆகஸ்ட் 29

வெலிமிர் பேசினான். கஜகஸ்தானிலிருந்து இல்லை, மலைமேல் இருக்கும் எங்கள் ஒயின் நிலவறையிலிருந்து!

"திரும்பி வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாத."

வண்டி கெட்டுவிட்டதா? இல்லையாம். உடம்புக்கு ஏதாவது? இல்லையாம். "வரும்போது ரொட்டி கொண்டா."

ஆகஸ்ட் 30

திட்டத்தான் போனேன். பீப்பாய்களுக்கு நடுவே வண்டி, பக்கத்தில் அவன், தாடியும் மண்ணுமாக. எவ்வளவு இளைத்துவிட்டான்! கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆள் நடமாட்டமே இல்லாத புல்வெளியில் மணலில் சறுக்கி விழுந்திருக்கிறான். வண்டி காலின்மேல். பொழுது சாயும்போதுதான் ஒரு குதிரைக்காரன் வந்து தூக்கிவிட்டானாம். கால் தப்பியது.

"அதுக்கப்புறம் முன்னால போகப் பயமா இருந்துச்சு, ஸ்லாவ்கா. திருப்பிட்டேன்."

"அப்ப வீட்டுக்கு வர்றதுதானே?"

"தனாஸ்கோ முகத்துல எப்படி முழிப்பேன்?"

தனாஸ்கோ அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சங்கத் தலைவர். பைக்கால் படம் போட்ட பனியன் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தவர். திரும்ப வேண்டியது அக்டோபரில். அதுவரை இங்கேயே ஒளிந்திருந்துவிட்டு, போய்வந்ததாகச் சொல்லப்போகிறானாம். நானும் அதையே சொல்ல வேண்டுமாம்.

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 5

இன்று அவனை ரஷ்யாவுக்குள் அனுப்பினேன். கஜகஸ்தான் ஊசியைப் பிடுங்கி எல்லைக்கு அந்தப் பக்கம் குத்தினேன்.

செப்டம்பர் 9

முடியலை. "ஏரிக்குப் போய்ச் சேர்ந்துட்டானா?"ன்னு பெர்சிதா கேட்டா. சேர்ந்துட்டான்னு சொல்லிட்டேன். அழுதுட்டா. கடையில இருந்த எல்லாருக்கும் சீஸ் வச்சுச் சுட்ட பூரெக் இலவசம். பொய்க்குக் கைதட்டுறாங்க, நானும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்!

இந்தப் பொய்யோடு அவன் வீட்டுக்குள் வந்தால் சாகும்வரை இருவரும் அதைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏரியைப் பார்த்துவந்த வீரன் எனக்கு வேண்டாம். பயந்து திரும்பி வந்தவன்தான் வேண்டும்.

செப்டம்பர் 12

அடித்த வெயிலில் திராட்சை முன்னதாகவே பழுத்துவிட்டது. நாளை மறுநாள் அறுவடை. ஊரே மலையேறும், எல்லா நிலவறைகளும் திறக்கும். நெகோத்தினில் பிறந்து, திராட்சைக் காலத்தில் ஒயின் நிலவறையில் ஒளிந்துகொண்ட ஒரே ஆள் என் புருஷன்தான்!

போனில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை.

"ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டி ருமேனியா பக்கம் போயிடறேன்."

"போனா போ. ஆனா இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வரணும்னா பட்டப்பகல்ல வா. நானும் வண்டியில பின்னாடி உட்கார்ந்து வர்றேன்."

"நீதான் இதுல ஏறவே மாட்டியே."

"ஏறுறேன்யா."

செப்டம்பர் 13

ஏறினேன். மலையிறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

சந்தை வாசலில் நிறுத்தினான். தனாஸ்கோ மிளகாய் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "டேய், பைக்கால்லேர்ந்து பறந்தா வந்தே?"

"பைக்காலுக்குப் போகலைடா. பாதியிலேயே பயந்து திரும்பிட்டேன். இத்தனை நாளும் நிலவறையில ஒளிஞ்சிருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். பெர்சிதா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சும்மா குடுத்த பூரெக்குக்கெல்லாம் நீதான்டி மாவு பிசையணும்" என்றாள். தனாஸ்கோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 14

நாள் முழுக்கத் திராட்சை பறித்தோம். "பைக்கால் எந்தப் பீப்பாய்க்குப் பின்னால இருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. தனாஸ்கோ வரவில்லை.

செப்டம்பர் 20

தனாஸ்கோ வந்தார், தனியாக. முற்றத்தில் அவரும் வெலிமிரும் ராக்கியாச் சாராயம் குடித்தார்கள். நான் அந்தப் பக்கம் அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டிக்கு அடியில கிடந்தப்ப என்னடா பண்ணினே?"

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

"யாரை? அங்கதான் யாரும் இல்லையே."

"ஸ்லாவ்காவை. குரல் போற வரைக்கும்."

தனாஸ்கோ சிரிக்கவில்லை. "நானா இருந்தாலும் திரும்பியிருப்பேன்டா" என்றார்.

என்னிடம் இதைச் சொல்லவே இல்லையே, பாவி! மிளகாய் முழுக்கக் கருகிவிட்டது.

செப்டம்பர் 21

காலையில் குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கூப்பிட்டான். கூப்பிட்டதுமே எழுந்து போனேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருமுறைகூட அப்படிப் போனதில்லை. துண்டோடு நின்ற என்னைப் பார்த்து மிரண்டுவிட்டான்.

"ஏய், உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"